மானுக்குப் பிணை நின்ற படலமும் மாணவர் ஒழுக்கமும்

ஒழுக்கம் என்பது சொல்லிக்கொடுப்பதனால் வருவதா, பழகிக் காட்டுவதனால் வருவதா என்னும் வினா மிகப் பழையது. அண்மைக் காலத்தில் அது புதிய வடிவம் கொண்டுள்ளது. கைப்பேசியும் இணையமும் மாணவன் கையகத்தே வந்துவிட்ட இந்நாளில் அவனுடைய ஒழுக்கத்தைக் காப்பது எங்ஙனம் என்று பள்ளிகள் யாவும் கவலுகின்றன. அக்கவலை இஸ்லாமியப் பள்ளிகளில் மிகுந்து காணப்படுகின்றது. 'அக்லாக்' எனப்படும் நற்குணப் பயிற்சி அங்குப் பாடங்களுள் ஒன்றாக மட்டும் இல்லை. பள்ளி நடைபெறுவதற்கே அது காரணமாகக் கருதப்படுகின்றது. ஆதலின் அக்கவலை இயல்பானதே.

இக்கவலைக்குப் பொதுவாக இரண்டு மருந்துகள் கூறப்படுகின்றன. ஒன்று, கருவியைத் தடுப்பது. மற்றொன்று, கருவியை நல்ல பொருளால் நிரப்புவது. முன்னதைக் கூறுவோர் கைப்பேசியைப் பறித்து வைக்கின்றனர், வடிகட்டிகளை அமைக்கின்றனர். பின்னதைக் கூறுவோர் திருமறை ஓதும் செயலிகளையும் நபிமொழித் தொகுப்புகளையும் ஒழுக்கக் கதைப் படங்களையும் மாணவர்க்கு வழங்குகின்றனர். இவை பயனற்றவை என்பது நம் கருத்தன்று. ஆயின் இவ்விரண்டிலும் விடுபட்ட ஒன்று உண்டு. அஃது யாதென்பதை நம் தமிழிலேயே உள்ள ஓர் இஸ்லாமியக் காப்பியத்தின் சிறு பகுதி தெளிவாகக் காட்டுகின்றது. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் வரும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' அது. அப்படலத்தை நாம் எவ்வாறு படித்து வந்தோம், எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலவரும் நூலும்

சீறாப்புராணம் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் உமறுப்புலவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை ஆதரித்தார். வள்ளல் மறைந்த பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் துணையால் நூல் நிறைவெய்தியது. 'சீறத்' என்னும் அரபுச் சொல் வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும். அதுவே தமிழில் 'சீறா' ஆயிற்று. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களாக, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தப் பாக்களால் நபிகள் நாயகத்தின் வரலாற்றை அது பாடுகின்றது. 1842இல் காயல்பட்டினம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை அதனை முதன்முதல் அச்சேற்றினார்.

நூலின் தோற்றத்தைப் பற்றி ஒரு செய்தி ஈண்டு நினைவு கூரத் தக்கது. புலவர் தாமே எண்ணியதைப் பாடத் தொடங்கினார் அல்லர். அரபுக் கலைகளில் வல்லவராகிய கீழக்கரை சதக்கத்துல்லா அப்பாவை அடைந்து, வரலாற்றுப் பொருளை அவர்வழிப் பெற்ற பின்னரே பாடினார் என்பது மரபு. தமிழ் வல்லார் ஒருவர், தாம் பாடவிருக்கும் செய்திக்குப் பொறுப்பேற்கத் தக்கார் ஒருவரை முதற்கண் தேடிச் சென்றார் என்பதே இதன் பொருள். இக்குறிப்பைப் பின்னர்ப் பயன்படுத்துவோம்.

கதைப் போக்கு

படலத்தின் கதை எளிது. நபிகள் நாயகம் தோழர்களுடன் மலைச்சாரல் ஒன்றை அடுத்துச் செல்கின்றார். அங்கே வேடன் ஒருவன் வலையில் அகப்பட்ட பெண்மானைக் கட்டி வைத்திருக்கின்றான். மடியில் பால் சுரந்திருக்க, கன்றை எண்ணி வருந்தி நிற்கும் அம்மான், நபிகளைக் கண்டதும் வாய் திறந்து பேசுகின்றது. என் கன்று பசித்திருக்கும். நான் சென்று பாலூட்டித் திரும்பி வருவேன். அதுவரை எனக்காகப் பிணை நிற்க வேண்டும் என்று வேண்டுகின்றது. நபிகள் வேடனிடம் இதனைக் கூறுகின்றார். அவனோ, காட்டுக்குள் போன விலங்கு கட்டினவனிடம் திரும்பி வந்தது எங்கேனும் உண்டா என்று மறுக்கின்றான். மான் வாராதாயின் ஒன்றுக்கு இரண்டாகத் தருவேன் என்று நபிகள் பிணை நிற்கின்றார். வேடன் இசைந்து கட்டவிழ்க்கின்றான்.

மான் சென்று தன் இனத்தைச் சேர்கின்றது, கன்றுக்குப் பாலூட்டுகின்றது, நடந்ததைச் சொல்லி விடைபெறுகின்றது. தனக்காக ஒருவர் பிணை நிற்க, தான் போகாதிருத்தல் தகாது என்பதே அதன் துணிபு. கன்றும் தாயைத் தொடர்கின்றது. இரண்டும் வேடன்முன் வந்து நிற்கின்றன. ஒன்று போய் இரண்டு வந்த இக்காட்சி வேடன் உள்ளத்தை மாற்றுகின்றது. அவன் இஸ்லாத்தைத் தழுவுகின்றான். மானும் கன்றும் விடுதலை பெறுகின்றன.

பாலைநிலத்து வரலாற்றைப் பாடும் புலவர் இங்கே காட்டும் மலையும் சோலையும் வேடனும் தமிழ்க் குறிஞ்சியைச் சார்ந்தவை என்பதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனை விரித்தல் வேண்டா.

பிணை என்னும் சொல்

இப்படலத்தின் உயிர்நிலை அதன் தலைப்பிலேயே உள்ளது. தமிழில் 'பிணை' என்பது ஒரு பொருளோடு நிற்கும் சொல் அன்று. பெண்மானைக் குறிப்பது அதன் ஒரு பொருள். ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் வழங்குதல் சங்க இலக்கியத்தில் பயின்ற வழக்கு. ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்று நிற்பது இரண்டாம் பொருள். நீதிமன்றத்தில் ஜாமீன் என்று நாம் வழங்குவது இதனையே. கட்டுதல், சேர்த்தல் என்பது மூன்றாம் பொருள்; பிணைத்தல், பிணைப்பு, பிணையல் என்பன அதன் வழிவந்தவை.

இம்மூன்று பொருளும் இப்படலத்தில் ஒருங்கே இயங்குகின்றன. பிணையாகிய மான் முதலில் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கின்றது. பின்னர் அக்கயிறு அவிழ்கின்றது; அவ்விடத்தில் ஒரு சொல் கட்டாகின்றது. கயிறு கட்டியபோது மான் ஓடத் துடித்தது. சொல் கட்டியபோது தானே திரும்பி வந்தது. வெறும் சொல் விளையாட்டு என்று இதனை ஒதுக்குதல் பொருந்தாது. அரபு மூலத்தில் இல்லாத ஒரு பொருள் நுட்பத்தைத் தமிழ்மொழி தன் இயல்பினாலேயே இக்கதைக்கு வழங்கியுள்ளது. இதனைக் கண்டு பயன்கொண்டதில் உமறுப்புலவரின் தமிழ்ப் புலமை விளங்குகின்றது.

வேடனைக் கொடியவனாகக் கொள்வதும் பிழை. அவன் கூறுவது உலகியல். கட்டை அவிழ்த்தால் ஓடும் என்பது அவன் கண்டறிந்த உண்மை. அவன் அறிந்தவை இரண்டே: கட்டி வைத்தல் அல்லது இழந்து விடுதல். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்பதை அவன் அறியான். அம்மூன்றாவது நிலையே பிணை.

ஒப்பு நோக்கு

பிணையின் அருமையை உணர, இதனையொத்த வேறு இரண்டு கதைகளோடு வைத்து நோக்குதல் நன்று. கன்னட நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வரும் 'கோவின ஹாடு' என்னும் பசுவின் பாட்டில், புண்ணியகோடி என்னும் பசு புலியிடம் அகப்படுகின்றது. கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவேன் என்று வாக்களித்துச் செல்கின்றது. சொன்னவண்ணம் வந்து நிற்கின்றது. புலி நாணித் தன் உயிரை மாய்த்துக்கொள்கின்றது. அங்கே பசு தன் சொல்லுக்குத் தானே காவல். நடுவில் எவரும் இலர். வாய்மையின் உயர்வை அக்கதை காட்டுகின்றது. ஆனால் அது முன்னமே நற்குணம் நிரம்பிய ஒருயிரின் கதை.

மற்றொன்று, ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1798இல் எழுதிய கதைப்பாடல். அதன் தலைப்பே 'பிணை' என்று பொருள்படுவது. கொடுங்கோலனைக் கொல்ல முயன்று தண்டனை பெற்றவன், தங்கையின் திருமணத்தை முடித்து வர மூன்று நாள் தவணை கேட்கின்றான். அவனுக்காக நண்பன் உயிரைப் பிணையாக வைக்கின்றான். வெள்ளத்தையும் கள்வரையும் கடந்து அவன் உரிய வேளையில் வந்து சேர, அரசன் மனம் மாறுகின்றான். இங்கே பிணை உண்டு. ஆனால் பிணை நின்றவன் நெடுநாள் பழகிய நண்பன்.

உமறுப்புலவரின் படலத்தில் பிணை நிற்பவர் அம்மானை முன்பின் அறியாதவர். அதுவோ விலங்கு, வாக்குத் தவறினாலும் அதனைக் குறை கூறுவார் இலர். இருப்பினும் அதனை நம்பிப் பொறுப்பேற்கின்றார் ஒருவர். அந்நம்பிக்கையே மானை அதற்குத் தகுதி உடையதாக்குகின்றது. தகுதியைக் கண்டு நம்புவது எளிது. நம்புவதனால் தகுதியை உண்டாக்குவது அரிது. ஆசிரியத் தொழிலுக்கு மிக நெருங்கிய கதை இம்மூன்றனுள் இதுவே என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் நம் வகுப்பறைக்குள் வரும் பிள்ளைகளும் நாம் முன்பின் அறியாதவர்களே அல்லரோ!

பாடம் சொல்லும் முறையில் உள்ள குறை

தமிழகத்துக் கல்லூரிகளின் தமிழ்ப் பாடத்தில் இப்படலம் பலகால் இடம்பெற்றுள்ளது. அதற்கெனத் தோன்றிய குறிப்புரைகள் பெரும்பாலும் மூன்று செய்திகளையே வற்புறுத்துகின்றன: உயிர்களிடத்து நபிகள் காட்டிய இரக்கம், விலங்கு பேசிய அற்புதம், வேடன் மனமாற்றம். மூன்றும் படலத்தில் உள்ளவையே. எனினும் தலைப்பு இரக்கத்தைக் கூறவில்லை, அற்புதத்தைக் கூறவில்லை, பிணை நின்றதைக் கூறுகின்றது. இரக்கம் மட்டுமே நோக்கமாயின், நபிகள் ஒரு விலை கொடுத்து மானை மீட்டிருக்கலாம். அல்லது வேடனுக்கு அறிவுரை கூறி விடுவித்திருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின் மானுக்கு உயிர் கிடைத்திருக்கும்; ஒழுக்கம் கிடைத்திராது. வாக்கைக் காக்கும் வாய்ப்பே அதற்கு இல்லாமற் போயிருக்கும்.

நம் ஆசிரியர்களும் இதே குறைக்கு ஆளாகின்றனர். நாட்பாடத் திட்டத்தில் நன்னெறிப் பண்புக்கென ஓரிடம் உண்டு. அதில் 'கருணை' என்றோ 'நேர்மை' என்றோ ஒரு சொல்லை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகின்றோம். கருணை என்று எழுதுவதற்கு ஆசிரியன் எதனையும் இழக்க வேண்டியதில்லை. பிணை என்று எழுதினால், யார் யாருக்குப் பிணை, தவறினால் இழப்பது என்ன என்னும் வினாக்கள் எழும். ஒன்றுக்கு இரண்டு என்னும் ஈட்டை ஏற்றுக்கொண்டே நபிகள் அங்கு நிற்கின்றார். இழக்க ஒன்றும் இல்லாதவன் கூறும் அறிவுரைக்கும், இழப்பை ஏற்று நிற்பவன் கூறும் சொல்லுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் நன்கு அறிவர்.

சொல்லுக்கும் பிணை

இஸ்லாமியக் கல்வி மரபை நோக்கினால், பிணை என்னும் இக்கருத்து ஒரு கதையோடு நிற்பதன்று என்பது விளங்கும். ஒருவர் கடனுக்கு மற்றொருவர் பொறுப்பேற்பதைக் 'கஃபாலா' என்று சட்டநூல்கள் வகுத்துரைக்கின்றன. நபிகள் நாயகம் இளமையிலேயே 'அல்-அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று மக்கத்தாரால் அழைக்கப்பட்டவர். அவர் மக்காவை விட்டு மதீனாவுக்குப் பெயர்ந்த இரவில், தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்க்குமாறு அலீயை அங்கே விட்டுச் சென்றார் என்பது வரலாறு.

பொருளுக்குப் பிணை இருப்பதுபோலச் சொல்லுக்கும் பிணை வேண்டும் என்று அம்மரபு வற்புறுத்தியது. நபிமொழி ஒன்றைக் கூறுபவர், இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று தொடராகப் பெயர் சொல்ல வேண்டும். இதற்கு 'இஸ்னாது' என்று பெயர். அறிவிப்பாளர் தொடர் எனத் தமிழில் கூறலாம். இத்தொடர் இல்லையேல் விரும்பியவர் விரும்பியதைச் சொல்லிவிடுவர் என்பது எட்டாம் நூற்றாண்டினராகிய இப்னு முபாரக்கின் கருத்து. தொடரில் உள்ள ஒவ்வொருவரும் வாய்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தமக்கு முன்னவரை நேரிற் கண்டவரா என்று ஆராய்வதற்கே ஒரு தனிக்கலை வளர்ந்தது. திருமறை ஓதுதலிலும் இதுவே முறை. ஆசிரியர் முன் அமர்ந்து, வாய்மொழியாகக் கேட்டு, திருப்பி ஓதித் திருத்தம் பெறுதல் வேண்டும். ஓதக் கற்றவனுக்கு ஆசிரியர் வழங்கும் 'இஜாஸா' என்னும் இசைவுரிமை, என் மாணவன் ஓதுவதற்கு நான் பிணை என்று கூறுவதை ஒக்கும்.

வந்த செய்தியைத் தெளிந்து கொள்க என்று திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. புறங்கூறுதலையும் துருவித் துருவி ஆராய்தலையும் அதே அத்தியாயம் விலக்குகின்றது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி நாவினால் விளையும் கேடுகளை இருபதாக வகுத்தார். எழுதுகோலும் ஒரு நாவே என்றும் உரைத்தார். விரல் நுனியால் பேசும் இக்காலத்துக்கு இதனினும் பொருந்திய விளக்கம் வேறு வேண்டுமோ?

கதைக்குப் பிணை உண்டா?

இங்கே நேர்மையான ஒரு தடை எழும். அறிவிப்பாளர் தொடரை இவ்வளவு போற்றும் மரபில், மான் கதைக்கு உரிய தொடர் வலுவானதா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதே. பைஹகீ முதலியோர் நூல்களில் இக்கதை இடம்பெற்றுள்ளது. ஆயினும் பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கதீர் இதற்கு அடிப்படை இல்லை என்று மறுத்தார். பதினைந்தாம் நூற்றாண்டினராகிய சகாவீ அம்மறுப்பை எடுத்துக்கூறி, பல வழிகளில் வந்திருத்தலால் அவை ஒன்றற்கொன்று வலுச் சேர்க்கும் என்றும் குறித்தார்.

இதனை மாணவரிடம் மறைக்கலாகாது. மறைத்தல் இப்படலத்தின் கருத்துக்கே மாறாகும். இது காப்பியச் செய்தி. இதன் வழியைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லலாம். அவ்வாறு சொல்வதனால் பாட்டின் சுவை குன்றாது. வரலாறாகக் கொள்வதற்கு ஓர் அளவுகோல்; இலக்கியமாகக் கொள்வதற்கு வேறோர் அளவுகோல். இரண்டையும் குழப்பாமல் பிரித்துணரக் கற்ற மாணவன், நாளை தன் கைப்பேசிக்கு வரும் செய்தியையும் பிரித்துணர்வான்.

இலக்கவியல் ஊழியின் உண்மைக் குறை

இனி இக்காலத்துக்கு வருவோம். பாயான் லெப்பாசிலிருந்து இதனை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1972இல் இங்கே தடையற்ற தொழில் வட்டாரம் அமைந்தது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் தன் ஆலையைத் தொடங்கியது. உலகெங்கும் கணினிகளுக்குள் இயங்கும் சில்லுகளுள் பல, அரை நூற்றாண்டாக இவ்வூர்த் தொழிலாளர் கைபட்டுச் சென்றவை. கருவியை ஆக்குவோர் வாழும் ஊரில் கருவியைப் பழிப்பது முறையன்று. அதன் குறை எங்குள்ளது என்று ஆராய்வதே முறை.

குறை, தீய செய்திகள் நிறைந்திருப்பது மட்டும் அன்று. தீய செய்தி எக்காலத்தும் இருந்தது. பிணையற்ற செய்தி இவ்வளவு பெருகியதே இக்காலத்தின் புதுமை. வாட்ஸ்அப்பில் ஒருவர் பெற்றதைப் பிறர்க்கு அனுப்பினால், அது முன்னனுப்பப்பட்டது என்னும் குறி அதன்மேல் தோன்றும். இக்குறி 2018இல் வந்தது. ஆனால் முதலில் எழுதியவர் யார், யார் யார் கைமாறி வந்தது என்பதை அக்குறி கூறாது. இஸ்னாதுக்கு நேர் எதிரானது இது. வந்த வழி நீளமானது என்று மட்டும் அறிவித்து, வழியில் நின்ற பெயர் அனைத்தையும் அழித்துவிடுகின்றது. 2019இல் அந்நிறுவனம் ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என அதனை மேலும் சுருக்கியது. வேகம் குறைந்தது உண்மை; பொறுப்பு பிறந்ததென்று கூற இயலாது.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. 2017இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 'செபெனார்ஞா' என்னும் செய்தி சரிபார்ப்புத் தளத்தைத் தொடங்கி, உறுதியில்லையேல் பகிராதீர் என்று மக்களுக்கு அறிவுறுத்தியது. 2018இல் பொய்ச்செய்தி எதிர்ப்புச் சட்டம் வந்தது. 2019 இறுதியில் அதனை நீக்க நாடாளுமன்றம் இசைந்தது. சட்டம் வரும், போகும். சட்டத்தால் அச்சத்தை உண்டாக்கலாம். வாக்கைக் காக்கும் மனத்தை உண்டாக்குதல் பள்ளியின் வேலை.

அச்சு வந்த காலம்

புதிய ஊடகத்தைக் கண்டு சமயக் கல்வியாளர் கலங்கி நிற்றல் வேண்டா என்பதற்குப் பினாங்கே சான்று. நாகூர்க் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தினார். 1916இல் தொடங்கிய மதரஸா அல்-மஷ்ஹூரில் தலைமையாசிரியராக விளங்கிய சையது ஷேக் அல்-ஹாடி, 1926இல் 'அல்-இக்வான்' இதழையும், 1927இல் ஜெலுத்தோங்கில் ஓர் அச்சகத்தையும், 1928இல் 'சௌதாரா' இதழையும் தொடங்கினார். அவருடைய சீர்திருத்தக் கருத்துகளைப் பழமை போற்றுவோர் வன்மையாக எதிர்த்தனர். அந்தப் போராட்டம் அச்சிலேயே நடந்தது.

அச்சு ஊடகத்திலும் பொய் உண்டு, வசை உண்டு. ஆயினும் இதழ் ஒன்றுக்கு ஆசிரியர் உண்டு. அச்சகத்துக்கு முகவரி உண்டு. பிழையானதை வெளியிட்டால் கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது. ஊடகம் புதிதாயினும் பிணை இருந்தமையால் அது கல்விக்குத் துணையாயிற்று. இன்றைய ஊடகத்திலும் பிணை உண்டாயின் அது கல்விக்குத் துணையே. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, திரையின் வழியே முகம் நோக்கி ஓதிக்கொடுத்த ஆசிரியர்களிடம் பிள்ளைகள் கற்றனர். அங்கும் நடுவே கருவி இருந்தது. ஆனால் திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் இருந்தார். பிழையைத் திருத்தாமல் மதிப்பெண் மட்டும் வழங்கும் செயலியிடம் ஓதுபவன் நிலை வேறு. மலாய் மொழியில் 'பாயான்' என்றால் கிளி. கிளிப்பிள்ளைக் கல்வியை வேண்டாமென்று நாம் நெடுநாளாகக் கூறி வருகின்றோம். செயலி வழியே அதனை மீண்டும் அழைத்துவருதல் கூடாது.

பள்ளியில் செய்யத்தக்கன

இவற்றால் பெறப்படும் செயல்முறை யாது? கருவியைப் பறித்து வைப்பது மட்டுமே ஒழுக்கக் கல்வி எனக் கொள்ளும் பள்ளி, வேடன் அறிவோடு நிற்கின்றது. கட்டில் உள்ளவரை மான் ஓடாது. கட்டு அவிழும் நாளில் என் செய்வது? பள்ளி வாயிலைத் தாண்டியதும் பிள்ளையின் கட்டு அவிழ்கின்றது. மாணவன் அறியாமலே அவன் கைப்பேசியை வேவு பார்க்கும் செயலிகளும் இன்று விற்பனைக்கு உள்ளன. துருவி ஆராய்தலை விலக்கிய மறையைப் போதிக்கும் பள்ளி அவற்றை நாடுமுன் பன்முறை எண்ணுதல் வேண்டும். காட்டுக்குள் சென்ற மானை எவரும் பின்தொடரவில்லை என்பதைப் புலவர் கதை நமக்கு உணர்த்துகின்றது. காணாவிடத்தும் இறைவன் காண்கின்றான் என்னும் உணர்வோடு வாழ்தலை 'இஹ்ஸான்' என இஸ்லாம் கூறும். அவ்வுணர்வு, யாரும் காணாத இடத்திற்கு ஒருமுறையேனும் நம்பி அனுப்பப்பட்டவனுக்கே வாய்க்கும்.

ஆகவே அளவறிந்து கட்டவிழ்த்தலும், அதற்கு ஒருவர் பிணை நிற்றலும் வேண்டும். சிறு வகுப்பினர்க்குத் தடை தகும். வளர்ந்த மாணவர்க்குச் சிறிது சிறிதாக உரிமை தந்து, பெற்றோர் முன்னிலையில், இவனுக்கு நான் பொறுப்பு என்று ஆசிரியர் ஒருவர் கூறும் முறை வகுக்கத்தக்கது. அவன் தவறினால் ஒறுத்தல் மட்டும் போதாது. பிணை நின்றவர் தம் நேரத்தை அவனுக்கு இரு மடங்காக ஈதல் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு என்பதை ஆசிரியர் நிறைவேற்றக்கூடிய வழி இதுவே. அறுபது பேர் உள்ள வகுப்பில் இஃது இயலுமா என்று கேட்பர். ஓர் ஆசிரியர் அறுபதின்மருக்கும் பிணை நிற்றல் இயலாதுதான். ஆறு பேருக்கு நிற்கலாம். பள்ளியில் ஆசிரியர் பலர் உளர்.

இரண்டாவதாக, இஸ்னாது என்பதைப் பழைய நூல்களைப் பற்றிய பாடமாக மட்டும் வைத்தல் போதாது. வகுப்பில் ஒரு செய்தியைக் கூறும் மாணவன், யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார் என்று கூறப் பழகட்டும். தொடர் அறுந்த இடத்தில் நிறுத்தட்டும். வாரம் ஒருமுறை இதனைச் செய்தால், ஈராண்டில் அது வழக்கமாகிவிடும். வகுப்புக்கென அமைக்கும் இணையக் குழுக்களில் பெயரில்லாக் கணக்குகளுக்கு இடமளிக்கலாகாது.

மூன்றாவது, வீடு. தாய்மான் கன்றுக்கு அறவுரை கூறியதாகப் புலவர் பாடவில்லை. தாய் வாக்கைக் காக்கப் புறப்பட்டதைக் கன்று கண்டது, தானும் தொடர்ந்தது. தந்தை உணவுமேசையில் கைப்பேசியோடு அமர்ந்து, வந்ததையெல்லாம் பகிர்ந்துகொண்டிருக்கையில், பிள்ளைக்குப் பள்ளி கூறும் அறம் எவ்வாறு ஏறும்?

தமிழாசிரியர்க்கு

இஸ்லாமியப் பள்ளியின் சிக்கலில் தமிழாசிரியர்க்கு என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ முஸ்லிம் மாணவர் உள்ள கல்வி நிலையத்தில் அவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்கின்றது. மற்றை மாணவர் அந்நேரம் நன்னெறிக் கல்வி பயில்கின்றனர். ஒழுக்கம் பயிலும் வேளையில் பிள்ளைகள் இரு அறைகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். இது சமய உரிமையைக் காக்கும் ஏற்பாடு. இதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே அறையில் அமரும் பாடம் மொழிப்பாடம். அவ்வறையில் சீறாப்புராணத்தின் இப்படலத்தை, வகுப்புக்கேற்ற எளிய உரைநடையிலேனும் கூறுவோமாயின், முஸ்லிம் பிள்ளை தன் மரபு தமிழில் எத்துணை அழகாக வாழ்கின்றது என்று அறியும். ஏனைய பிள்ளை, அயலவர் மரபு என எண்ணியது தன் மொழிச் செல்வமே என்று உணரும்.

பாடத்தைக் கூறும்போது ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. மான் ஏன் திரும்பி வந்தது என்னும் வினாவை மாணவரிடமே விடுதல் வேண்டும். அஞ்சி வந்தது என்று சிலர் கூறுவர். அற்புதத்தால் வந்தது என்று சிலர் கூறுவர். தனக்காக ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், அதனால் வந்தது என்று ஒரு பிள்ளையேனும் கூறுமாயின், அன்றைய பாடம் பயன்பட்டது. அதன்பின் அப்பிள்ளைக்காக நிற்பவர் யார் என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்வாராக.